வயரை வெட்டும் முன்: கார் ரேடியோ வேலை பழகும் தம்பிகளுக்கு

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்துக் கார் ஆக்செசரி கடைகளில் வேலை பழகும் தம்பிகளில் நிறையப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தா கித்தா மரம் சீவினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார், பிள்ளை டேஷ்போர்டைக் கழற்றுகிறான். எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் பலர் மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் கட்டரை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சாகா, வீவா, மைவி என்று பழகிய கைக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான் என்று தோன்றும். பழையதைக் கழற்று, சாக்கெட்டை மாற்று, ஆண்ட்ராய்டு பிளேயரைச் சொருகு, காசை வாங்கு. அந்த வண்டிகளில் ஆம்ப் ரேடியோவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வயர் நேராகக் கதவு ஸ்பீக்கருக்குப் போகிறது. தலைவலி எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கம்பெனியிலேயே தனி ஆம்ப் வைத்து வரும் வண்டியில். அப்படிப்பட்ட வண்டியில் நீ கழற்றி வெளியே எடுப்பது பாதி செட்தான். மீதிப் பாதி வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. கீழே சொல்வது பெரும்பாலும் அந்த வண்டிகளைப் பற்றி.

1. வண்டிக்காரர் எதற்காக மாற்றச் சொல்கிறார் என்று முதலில் கேள்.

போர்ட் கிள்ளானில் ரீகண்டாக வந்து இறங்கும் ஹாரியர், வெல்ஃபயர், எஸ்டிமா எல்லாம் ஜப்பான்காரர்களுக்காகச் செய்தவை. அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். 2014-க்குப் பிறகு 95 வரை நீட்டினார்கள். நமக்கு 87.5 முதல் 108 வரை. மின்னல் எஃப்எம் நம் பக்கம் 96.3, ராகா 99.3. ஆக, லட்சத்துக்கு மேல் வெள்ளி கொட்டி வாங்கிய வண்டியில் மின்னல் வராது. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து வேறு. "இவ்ளோ பெரிய காடி, காலைல ஒரு பக்திப் பாட்டு கேக்க முடியல" என்று பின் சீட்டிலிருந்து அம்மா முணுமுணுத்த பிறகுதான் மகன் கடைக்கு வருகிறார்.

அவருக்கு வேண்டியது அது மட்டும்தான் என்றால், எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி போதும். ஏரியல் வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் அதை வைத்தால் அலைவரிசையை ஒரு கணக்குக் குறைத்துக் கொடுக்கும். 14 மெகாஹெர்ட்ஸ் குறைக்கிற பெட்டியாக இருந்தால் மின்னல் 82.3-இல் வரும். ஒலி கொஞ்சம் மட்டம்தான், சில நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. இதில் கடைக்கு லாபம் குறைவு. அதற்காக வண்டிக்காரரிடம் இதைச் சொல்லாமல் மறைக்காதே.

அவர் ரிவர்ஸ் கேமரா, வேஸ், யூடியூப் எல்லாம் கேட்டால் மட்டும் ரேடியோவை மாற்றும் பேச்சுக்குப் போ.

2. கண்ணால் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் மூடியில், கண்ணாடித் தூணின் ஓரத்து ட்வீட்டர் மூடியில் ஜேபிஎல், போஸ், ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட், ஹார்மன் கார்டன், மார்க் லெவின்சன் என்று ஏதாவது பேர் இருந்தால் தனி ஆம்ப் இருக்கிறது என்றே வைத்துக்கொள். டொயோத்தா ஜேபிஎல், மாஸ்டா போஸ், மிட்சுபிஷி ராக்ஃபோர்ட், லெக்சஸ் மார்க் லெவின்சன் என்று ஜோடி ஜோடியாக வரும். பேர் இல்லை என்பதால் ஆம்ப் இல்லை என்று முடிவு கட்டாதே. முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், பின்பெட்டியின் பக்கத்துப் பலகைக்குள், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டுக்கு அடியில் பார். துடுப்பு துடுப்பாக அலுமினியம் தெரிந்தால் அதுதான்.

3. மீட்டர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

ரேடியோவை இழுத்துப் பின்னால் உள்ள சாக்கெட்டைப் பிடுங்கு. சாவி அணைந்திருக்கட்டும். மீட்டரை 200 ஓம் அளவில் வை. முதலில் அதன் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடு. 0.2, 0.3 என்று காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள். இப்போது வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டில் முன் இடது ஸ்பீக்கருக்கான இரண்டு பின்னையும் தொடு. 3.2-க்கும் 3.8-க்கும் நடுவில் நின்றால் அது சாதாரண 4 ஓம் ஸ்பீக்கர், நடுவில் யாரும் இல்லை. உனக்குத் தெரிந்த மைவி வேலைதான், செய்.

மலிவு மீட்டராக இருந்தால் இடது ஓரத்தில் வெறும் '1' மட்டும் காட்டி நிற்கும். அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். திருகியை 20கே, பிறகு 200கே என்று ஏற்றிக்கொண்டே போ. ஆயிரக்கணக்கில் ஓம் காட்டினால் நீ தொட்டுக்கொண்டிருப்பது ஸ்பீக்கரை அல்ல, ஆம்பின் வாசலை. முன் வலது, பின் இடது, பின் வலது என்று நான்கையும் பார். முன்பக்கம் ஆம்ப் வழியாகவும் பின்பக்கம் நேராகவும் போகும் வண்டிகள் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் ஊகிக்காதே.

ஒரு எச்சரிக்கை. அந்த ஜோடியில் ட்வீட்டர் மட்டும் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மீட்டர் ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து வயர் அறுந்துவிட்டது என்று கதவைப் பிரித்துக்கொண்டு உட்காராதே.

ஓம் சரியாக வந்த பிறகு, டார்ச்லைட்டில் போடும் 1.5 வோல்ட் ஏஏ பேட்டரி ஒன்றை எடுத்து அந்த ஜோடியில் ஒரு கணம் தொட்டு எடு. 'டக்' என்று கேட்கும். மூடியைக் கழற்றி வைத்திருந்தால் கூம்பு வெளியே தள்ளுகிறதா உள்ளே இழுக்கிறதா என்று பார்க்கலாம். வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு கதவில் மட்டும் பிளஸும் மைனஸும் மாறிப்போனால் பாட்டு வரும், பேஸ் மட்டும் காணாமல் போகும். வண்டிக்காரர் ஸ்பீக்கர் சரியில்லை என்று புது ஸ்பீக்கர் வாங்குவார். இதற்கு 9 வோல்ட் பேட்டரியோ கார் பேட்டரியோ வேண்டவே வேண்டாம்.

4. நிறத்தை நம்பி நிறத்தோடு கட்டாதே.

வெளியில் வாங்கும் பிளேயர்களில் மஞ்சள் என்றால் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வரும் ஏசிசி, கறுப்பு கிரவுண்ட். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. பல டொயோத்தா வண்டிகளில் கம்பெனி வயரிங் வேறு கணக்கு. அங்கே நீலத்தில் மஞ்சள் கோடு போட்டதுதான் நிரந்தர 12 வோல்ட், சாம்பல் ஏசிசி, பழுப்பு கிரவுண்ட். கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கர், சிவப்பும் வெள்ளையும் பின் வலது ஸ்பீக்கர்!

நிறத்துக்கு நிறம் முறுக்கினால் என்ன ஆகும் என்று யோசி. மஞ்சளோடு மஞ்சள், கறுப்போடு கறுப்பு கட்டினால் பிளேயரின் கரண்ட் வயர்கள் ஸ்பீக்கர் வயரில் போய் நிற்கும், கரண்ட் வராது. பிளேயர் எரியாது, கடைக்காரர் பிளேயர் பழுது என்று திருப்பி அனுப்புவார். பெரோடுவா வண்டிகளிலும் டைஹாட்சு, டொயோத்தா வழி வந்த 10 பின், 6 பின் சாக்கெட்தான் நிறைய. அதற்கு ரெடிமேட் சாக்கெட் வயர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடு. வண்டியோடு வந்த சாக்கெட்டை வெட்டி எறிகிறவன் கைவேலைக்காரன் அல்ல.

5. ஆம்ப் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான்கு வழி இருக்கிறது.

அதற்கு முன், செய்யக்கூடாததைச் சொல்கிறேன். புதிய பிளேயரின் ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோய் கம்பெனி ஆம்பின் வாசலில் அப்படியே கட்டாதே. பிளேயருக்குள் ஒரு பவர் ஐசி இருக்கிறது. அது ஒலியை ஏற்கனவே பெரிதாக்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டினால் அந்த வயரில் எட்டு, பத்து வோல்ட் வரை ஆடும். கம்பெனி ஆம்ப் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட்தான். கோயில் திருவிழாவில் ஒரு ஸ்பீக்கர் முன்னால் இன்னொரு மைக்கை வைத்து அதை மறுபடி ஸ்பீக்கரில் விட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும். பாட்டு நின்றிருக்கும்போதுகூட 'ஸ்ஸ்' என்று இரைச்சல், வால்யூம் ஐந்தைத் தாண்டினால் கரகரப்பு. நாளடைவில் ஆம்பின் வாசல் பழுதாகவும் கூடும். கிள்ளான் பக்கத்துக் கடை ஒன்றில் இப்படிக் கட்டிய வண்டிகள் "ஜேபிஎல் செத்துப்போச்சு அண்ணே" என்று என்னிடம் வந்திருக்கின்றன. ஆம்ப் சாகவில்லை. கட்டியதுதான் தப்பு.

முதல் வழி, பிளேயரின் பின்னால் இருக்கும் ஆர்சிஏ ப்ரீ-அவுட்டிலிருந்து ஆம்புக்குக் கொடுப்பது. அளவும் பொருந்தும், ஒலியும் சுத்தம். அந்த வண்டிக்கென்றே செய்த சாக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. கிடைக்காவிட்டால் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னும் எது என்று மீட்டரால் உறுதிசெய்துகொண்டு நீயே செய். இதில் ஒரு நுணுக்கம். கம்பெனி ஆம்புகள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கர் வாசலுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டுமே தனித்தனி ஒலி வயர். ஆர்சிஏயிலோ எல்லா மைனஸும் ஒரே கிரவுண்டில் கூடும். சில வண்டிகளில் அது ஒத்துப்போகும். சிலவற்றில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஊஊ' என்று ஆல்டர்னேட்டர் சத்தம் ஸ்பீக்கரில் ஏறும். அப்போது முதலில் பிளேயரின் கிரவுண்டைச் சரிபார். பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கமாக இருக்கிறதா, ஆம்பின் கிரவுண்டும் அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பார். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைசி மருந்து. மலிவானது பேஸைத் தின்றுவிடும்.

இரண்டாவது வழி, ஹை-லோ கன்வெர்ட்டர். ப்ரீ-அவுட் இல்லாத பிளேயருக்கு இது. ஸ்பீக்கர் வயரின் அளவைக் குறைத்து ஆம்புக்குப் பொருந்தக் கொடுக்கும். அதிலுள்ள திருகியைக் குறைந்த அளவில் தொடங்கி, இரைச்சல் வராத இடம் வரை மெதுவாக ஏற்று. சுமாரான வழி, ஆனால் நேர்மையான வழி.

மூன்றாவது, ஆம்பைத் தாண்டிப்போவது. அதாவது ஆம்பின் சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் இணைத்துவிடுவது. பாட்டு வரும், அரை மணி நேர வேலை, கடைக்காரருக்குப் பிடித்த வழி. எனக்குப் பிடிக்காத வழி. ஏனென்றால் பேஸ் எங்கே போக வேண்டும், ட்வீட்டருக்கு எது போக வேண்டும் என்று பிரிக்கும் வேலையை அந்த ஆம்பே செய்திருக்கலாம். ஆம்பை எடுத்துவிட்டால் ட்வீட்டருக்கு முழு ஒலியும் போய்ச் சுருள் எரிந்துவிடும். அடுத்து, கம்பெனி ஸ்பீக்கர் 4 ஓமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. போஸ் வண்டிகளில் 2 ஓமும் அதற்குக் கீழேயும் பார்க்கலாம். பிளேயருக்குள் இருக்கும் ஐசி 4 ஓமுக்குச் செய்தது. 2 ஓமைச் சுமந்தால் சூடேறி அணையும், ஒருநாள் அணைந்தே போகும். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதன் காலடியில் போய் அளந்து பார்க்காமல் இந்த வழியில் இறங்காதே.

நான்காவது, ஆம்ப், ஸ்பீக்கர், வயர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது. பாட்டை உண்மையிலேயே ரசித்துக் கேட்கிறவருக்கு இது. இதில் ஒரு விதியை மட்டும் மறக்காதே. பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த வயருக்கு ஃபியூஸ் பேட்டரிப் பக்கத்திலேயே, 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்து என்ன பயன்? நடுவில் எங்காவது தகரத்தில் உரசி வயர் தோலுரிந்தால் தீப்பிடிப்பது அந்த நடு வழியில்தான். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்காதே.

எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் வழிதான். கம்பெனிக்காரன் அந்தக் கதவுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் பொருந்த ஒலியைச் சீர்செய்து வைத்திருக்கிறான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் பிளேயரால் ஈடுகட்ட முடியாது.

6. 4×50 வாட் என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதே.

இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளேயருக்குள் இருக்கும் ஐசி 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது ஒரு பக்கத்துக்கு 15-லிருந்து 20 வாட் வரைதான். பெட்டியில் அடித்திருப்பது ஒரு கண நேர உச்சக் கணக்கு. "புதுசு 50 வாட், பழைய ஆம்ப் எதுக்கு அண்ணே" என்று வண்டிக்காரர் கேட்டால் இதைச் சொல்.

7. இரண்டு நீலத்தையும் பிரித்தறி.

முழு நீலம் ஏரியலுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்ப. பல பிளேயர்களில் முழு நீலம் ரேடியோ ஓடும்போது மட்டுமே உயிரோடு இருக்கும். ஆம்பை அதில் கட்டிவிட்டால் மின்னல் கேட்கும், யூஎஸ்பிக்கு மாற்றினால் மௌனம். "யூஎஸ்பி கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களுக்கு முதலில் இதைப் பார்.

ஆம்பை எழுப்பும் வயரை ஏசிசியில் கட்டினால் சாவி திருப்பும்போதும் எடுக்கும்போதும் 'தொம்' என்று இடிக்கும். நிரந்தர 12 வோல்ட்டில் கட்டினால் ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருக்கும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சில புதிய வண்டிகளில் ஆம்பை எழுப்ப வயரே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டர்தான் எழுப்புகிறது. அதற்கென்று விற்கும் கேன்-பஸ் பெட்டி இல்லாமல் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதே.

8. ஸ்பீக்கரின் மைனஸை வண்டி பாடியில் கட்டாதே. பிளேயரின் இரண்டு ஸ்பீக்கர் வயரிலும் கிரவுண்டிலிருந்து பார்த்தால் சுமார் 6 வோல்ட் நிற்கிறது. தகரத்தில் தொட்டால் ஐசி போய்விடும். 1980-களின் பழைய செட் ஒன்றில் அப்படிக் கட்டியிருந்தார்கள் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும்.

9. "புது ரேடியோ போட்டும் மின்னல் இழுக்கல."

இது அடிக்கடி வரும் புகார். டொயோத்தா ரீகண்ட் வண்டிகளில் ஏரியல் பின் கண்ணாடிக்குள் கோடாக ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பூஸ்டர் உண்டு, அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ரேடியோ கொடுத்துக்கொண்டிருந்தது. நீ முழு நீலத்தைக் கட்டாமல் டேப் சுற்றி விட்டுவிட்டால் பூஸ்டர் தூங்கிவிடும். லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக்கைத் தாண்டும்வரை இரைச்சல்தான் கேட்கும். அதைக் கட்டியும் தீரவில்லை என்றால் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகியிருக்கும் மலிவு சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கிவிட்டுக் கேள். எஃப்எம்மைக் கெடுப்பதில் அவை இரண்டும் மன்னர்கள்.

10. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வந்தால் பெருமைக்காகக் கை வைக்காதே. 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ இ65-இலிருந்து பல வண்டிகளில் ரேடியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி செம்பு வயரில் போகவில்லை, மோஸ்ட் என்ற ஒளி இழையில் வெளிச்சமாகப் போகிறது. ரேடியோ, ஆம்ப், நாவிகேஷன் எல்லாம் ஒரே வளையத்தில் கோத்தவை. ஒன்றைக் கழற்றினால் எல்லாம் ஊமை. மீட்டர் அங்கே எதுவும் சொல்லாது. அதற்கென்று வேலை செய்கிறவர்களிடம் அனுப்பு.

11. மஞ்சள் சாக்கெட் ஏர்பேக்குடையது. பேட்டரி மைனஸைக் கழற்றி ஒன்றரை நிமிடமாவது பொறுத்த பிறகே டேஷ்போர்டில் கை வை. அந்த மஞ்சள் சாக்கெட்டில் எந்தக் காரணத்துக்காகவும் மீட்டர் முனையை நுழைக்காதே.

12. டொயோத்தாவோடு வரும் ரிவர்ஸ் கேமராவுக்கு 6 வோல்ட். பிளேயரிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை படம் காட்டும்.

13. முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊருக்கு ஆகாது.

கடற்கரையோரம் ஜெராமிலிருந்து சிகிஞ்சான் வரை உப்புக்காற்று. அதில் முறுக்கிவிட்ட செம்பு சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். உள்ளே வந்தால் செம்பனைக் காடு. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில். அன்றிலிருந்து இந்தப் பக்கத்துத் தோட்டத்துச் செம்மண் ரோடுகளில் குலை லாரிகள் போட்ட பள்ளம் ஓயவில்லை. அந்தக் குலுக்கலில் பிளேயரின் ஸ்க்ரூ கழலும், சொருகியது நழுவும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கறுப்பு டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தனியே, வயர் தனியே தொங்கும். வயரைக் கிரிம்ப் போட்டு, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மேலே ஏற்று. ஈயம் வைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், ஆகவே ஆடாதபடி பக்கத்துக் கட்டோடு சேர்த்துக் கட்டு. துணி டேப் சுற்றினால் பிளாஸ்டிக்கில் உரசும் 'கிரிச் கிரிச்' சத்தமும் வராது.

சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்புக்கு இன்னொரு எதிரி வெள்ளம். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சிலாங்கூரில் தண்ணீர் குடித்த வண்டிகள் கழுவித் துடைத்துக் கை மாறின. ஆம்பைக் கழற்றும்போது அடியில் சேற்றுக் கோடும் ஸ்க்ரூவில் துருவும் தெரிந்தால் வேலையை நிறுத்திப் படம் எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பு. பிறகு என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும். புதிய ஆம்ப் வைப்பதானால் தரையோடு ஒட்டாமல் சற்று உயர்த்தி வை.

14. பிளாஸ்டிக்கை மூடும் முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், ஏசி, வைப்பர் எல்லாம் போடு. பேலன்ஸை இடம், வலம், முன், பின் என்று திருப்பு. சில கம்பெனி ஆம்புக்கு இரண்டே வாசல்தான், பிளேயரின் ஃபேடர் அங்கே வேலை செய்யாது. அதை வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பதைவிட நீ முன்னாலேயே சொல்வது நல்லது. ஹேண்ட்பிரேக் வயரைக் கிரவுண்டில் கட்டி ஓடும்போதே படம் பார்க்கச் செய்து தரச் சொல்வார்கள். முடியாது என்று சொல். பின் சீட்டுப் பிள்ளைகளுக்குத் தனித் திரை போட்டுக் கொடு.

15. பழைய ரேடியோவை வண்டிக்காரரிடமே ஒப்படை. பெரோடுவா புது வண்டிக்கு 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. கம்பெனி வயரிங்கை வெட்டினால் மின் பழுதுக்கு அதைக் கோருவது சிக்கலாகிவிடும். சாக்கெட் போட்டுச் செய்த வேலையை ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கலாம். பில்லில் 'ரேடியோ மாற்றியது' என்று மட்டும் எழுதாதே. எந்த வழியில் கட்டினாய், ஆம்ப் உள்ளே இருக்கிறதா வெளியே எடுத்தாயா என்றும் எழுது.

16. சத்தமாக வைத்துச் சோதிக்கும் வேலையைப் பகலில் முடி. லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடையானால் விடியும் முன் பெரட்டுக்குப் போகிறவர்கள் தூங்கும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துபோட்டு பேஸை இடிக்கவிடுவது உன் கைவேலைக்கு விளம்பரமாகாது.

17. ஒரு நோட்டு வைத்துக்கொள். போனில் எடுத்த படம் போனோடு போய்விடும். வண்டியின் பேர், வருடம், சாக்கெட்டின் படம், எந்தப் பின்னில் எந்த நிறம், மீட்டர் காட்டிய ஓம், ஆம்ப் இருந்த இடம், எந்த வழியில் கட்டினாய், பிறகு என்ன புகார் வந்தது என்று ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் எழுது. நாளைக்கு நீ பெஸ்தாரி ஜெயாவை விட்டுக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போவாய். போகும்போது மீட்டரை எடுத்துக்கொண்டு போ. நோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போ தம்பி, அடுத்து வருகிற பிள்ளைக்கு வேண்டும்.